டக்ட் டேப்: எங்கே ஒட்டலாம், எங்கே கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் எது உடைந்தாலும் என் கை முதலில் தேடுவது அந்த வெள்ளி நிறச் சுருளைத்தான். பல ஆண்டுகளாக இதை வைத்து எதையெதையோ ஒட்டியிருக்கிறேன். ஒட்டியது நாலு பேர் முன்னால் கழன்று விழுந்து அசடு வழிந்ததும் உண்டு. இந்தப் பைத்தியத்தைத் தெரிந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளைக் கீழே தொகுத்திருக்கிறேன். அவசரத்தில் இருப்பவர்கள் தண்ணீர்க் குழாய், மின்கம்பி பற்றிய கேள்விகளை மட்டுமாவது படித்துவிட்டு டேப்பைக் கிழியுங்கள்.

மற்ற டேப்களிலிருந்து இது எப்படி வேறுபடுகிறது?

மூன்று அடுக்குகள். மேலே பாலித்தீன் படலம், நடுவில் சல்லடைபோல் நெய்த பருத்தி அல்லது பாலியெஸ்டர் துணி, கீழே ரப்பர் பசை. பாலித்தீன் ஈரத்தைத் தடுக்கிறது, துணி இழுவையைத் தாங்குகிறது, பசை பிடித்துக்கொள்கிறது. வெள்ளி நிறத்தைப் பார்த்து உலோகம் என்று நினைக்க வேண்டாம். அது பாலித்தீனில் கலந்த அலுமினியத் தூளின் நிறம்.

ஒரு துண்டைக் கிழித்து, கிழிந்த ஓரத்தை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நூல்கள் பூனை மீசைபோல் நீட்டிக்கொண்டிருக்கும். நூல்கள் நெருக்கமாக இருந்தால் நல்ல டேப். அங்கொன்றும் இங்கொன்றுமாக இருந்தால் பிளாஸ்டிக்குக்கும் பசைக்கும்தான் பணம் கொடுத்திருக்கிறீர்கள். கத்தரி இல்லாமல் கையாலேயே குறுக்கே நேராகக் கிழிக்க முடிவதும் இந்த நெசவின் புண்ணியம்தான்.

மிக முக்கியமான விஷயம் பசையில் இருக்கிறது. இந்தப் பசை காய்வதற்காகச் செய்யப்பட்டது அல்ல. மரப் பசையோ எபாக்ஸியோ இறுகிக் கல்லாகும். டக்ட் டேப்பின் பசை ஒட்டிய பிறகும் மிகக் கெட்டியான பாகு போலவே இருக்கும். அழுத்தும்போது பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்களில் மெல்லப் பாய்ந்து பிடிக்கும். ஒட்டிய மறுகணமே வேலை செய்வது இதனால்தான். தொடர்ந்து பாரம் இழுத்தால் மெல்ல மெல்ல வழுக்கிக் கைவிடுவதும் இதனால்தான். கீழே நான் சொல்லும் "கூடாது"களில் பாதிக்கு இந்தக் காயாத பசையே காரணம்.

'டக்ட்' டேப்பா, 'டக்' டேப்பா?

இரண்டு பெயரும் புழக்கத்தில் இருக்கின்றன. 'டக்' என்பது கெட்டியான பருத்தித் துணியின் பெயர். டச்சு மொழியில் துணியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது, வாத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 'டக்ட்' என்பது கட்டடங்களில் குளிர்காற்றும் வெப்பக்காற்றும் செல்லும் தகரக் குழாய்.

டேப்பின் கதையில் எனக்குப் பிடித்த பகுதி வெஸ்டா ஸ்டவுட் என்ற பெண்மணியுடையது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இரண்டு மகன்கள் கடற்படையில் இருந்தார்கள். தோட்டாப் பெட்டிகளைக் காகித டேப்பால் ஒட்டி, மெழுகில் முக்கி அனுப்பினார்கள். இழுத்துத் திறப்பதற்கென்று விட்டிருந்த நுனி, இழுத்தால் கையோடு பிய்ந்து வந்தது. போர்முனையில் எதிரி சுடும்போது பெட்டியைத் திறக்க முடியாமல் ஒரு சிப்பாய் தவிப்பதை அவர் நினைத்துப் பார்த்தார். நீர் புகாத துணி டேப் ஒட்டலாமே என்று மேலதிகாரிகளிடம் சொன்னார், காரியம் நடக்கவில்லை. 1943 பிப்ரவரியில் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கே படம் வரைந்து கடிதம் எழுதிவிட்டார். யோசனை ஏற்கப்பட்டது, ஜான்சன் அண்ட் ஜான்சன் நிறுவனம் டேப்பைத் தயாரித்தது.

அப்படியானால் ஏர் கண்டிஷனர் காற்றுக் குழாய்களுக்கு இதுதானே சரி?

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாத இடம் இது. 1998-இல் கலிஃபோர்னியாவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் மாக்ஸ் ஷெர்மன், இயன் வாக்கர் என்ற இருவர், காற்றுக் குழாய் இணைப்புகளைப் பலவகை டேப்களாலும் அடைப்புப் பொருள்களாலும் மூடி, சூட்டையும் குளிரையும் மாற்றி மாற்றிச் செலுத்திச் சோதித்தார்கள். துணி வைத்த ரப்பர் பசை டேப், அதாவது நம் டக்ட் டேப், மோசமாகத் தோற்றது. சூட்டில் பசை இளகிக் காய்ந்து, டேப் சுருங்கி, இணைப்பு திறந்துகொண்டது. காற்றுக் குழாய்க்கு அக்ரிலிக் பசையுள்ள அலுமினியத் தாள் டேப்போ, தூரிகையால் பூசும் அடைப்புப் பசையோதான் ஏற்றது.

சரி, எதற்குத்தான் இது நன்றாக உதவும்?

கிழிந்த தார்ப்பாய், கூடாரத் துணி, பெட்டியின் பிய்ந்த மூலை, புத்தகத்தின் உடைந்த முதுகு, வழுக்கும் கைப்பிடி, ஓரம் தூக்கிய தரைவிரிப்பு, விரிசல் விட்ட ஜன்னல் கண்ணாடி (துண்டுகள் சிதறாமல் மாற்றும் நாள்வரை பிடித்துவைக்க) இவற்றிலெல்லாம் நம்பி ஒட்டலாம். பொதுவாக, பாரம் குறைவாகவும் பரப்பு அகலமாகவும் இருக்கும் வேலைகள்.

என்னிடம் ஒரு வாக்குவம் கிளீனர் இருக்கிறது. அதன் நெளிகுழாய் கைப்பிடிக்குப் பக்கத்தில், வளையும் இடத்தில் கிழிந்துவிட்டது. முதலில் நேரான ஒரு துண்டை அப்படியே சுற்றினேன். இரண்டாம் நாளே வளையங்களுக்கு இடையில் டேப் கூடாரம் போட்டது; உள்ளே காற்று விசில் அடித்தது. இரண்டாவது முறை டேப்பை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து, ஒல்லியான பட்டையாக்கி, நெளிவின் போக்கிலேயே சரிவாகச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் பாதியை மூடியது. பள்ளங்களில் கரண்டிக் காம்பால் தேய்த்தேன். இந்த ஒட்டு பல மாதங்களாக நிற்கிறது. உறிஞ்சும் குழாயில் காற்று டேப்பை உள்நோக்கித்தான் இழுக்கிறது. பாதி வேலையைக் காற்றே செய்துகொடுக்கிறது.

இன்னொரு பயன் பலருக்குத் தெரியாது. ஒரு கை நீளத் துண்டைப் பசைப் பக்கம் உள்ளே போகும்படி முறுக்கினால் நல்ல கயிறு கிடைக்கும்.

நான் ஒட்டினால் மட்டும் ஒரு மணி நேரத்தில் உரிந்துவிடுகிறது. என்ன தவறு?

பெரும்பாலும் டேப்பின் மேல் குற்றமில்லை. தூசு, எண்ணெய், ஈரம், குளிர் என்ற நான்கில் ஒன்றாக இருக்கும்.

தூசி படிந்த பரப்பில் ஒட்டினால் டேப் தூசியைத்தான் பிடித்துக்கொள்கிறது, பொருளை அல்ல. இதை நிலவில் போய்க் கற்றுக்கொண்டவர்கள் உண்டு. 1972 டிசம்பரில் அப்பல்லோ 17 பயணத்தில் விண்வெளி வீரர் யூஜின் செர்னனின் சுத்தியல் பட்டு நிலவு வண்டியின் பின்சக்கர மட்கார்டின் ஒரு துண்டு உடைந்துவிட்டது. டேப்பால் ஒட்டினார். எங்கும் நிலவுத் தூசி. பசை சரியாகப் பிடிக்கவில்லை. வண்டி ஓடும்போது துண்டு கழன்று போய், சக்கரம் வாரி இறைத்த தூசி அவர்கள் தலையில் கொட்டியது. மறுநாள் கலத்துக்குள் உட்கார்ந்து நான்கு வரைபடத் தாள்களை டேப்பால் ஒன்றோடொன்று ஒட்டிப் புது மட்கார்டு செய்தார்கள். அதை வண்டியில் பொருத்தும்போது டேப்பை நம்பவில்லை, இடுக்கிகளால் கவ்வவைத்தார்கள். சுத்தமான தாளோடு தாளை ஒட்ட டேப், தூசி படிந்த உலோகத்தில் பிடிக்க இடுக்கி. பழுது பார்ப்பதில் இதைவிட நல்ல பாடம் நான் கண்டதில்லை.

ஆகவே முதலில் துடையுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் சோப்புத் தண்ணீரால் கழுவி, முழுதும் உலரவிட்டு, முடிந்தால் ஆல்கஹால் நனைத்த துணியால் ஒருமுறை துடையுங்கள். குளிர்காலத்தில் 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே பசை விறைத்துப் பாயாமல் நின்றுவிடும். டேப்பையும் பொருளையும் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொண்டு ஒட்டுங்கள்.

அடுத்தது ஒட்டும் முறை. துண்டின் நான்கு மூலைகளையும் கத்தரியால் வட்டமாக வெட்டுங்கள். உரிதல் எப்போதும் கூரான மூலையில்தான் தொடங்கும். வட்டத்தில் அதற்குப் பிடி கிடைக்காது. கிழிசலைத் தாண்டி நாற்புறமும் இரண்டு விரல் அகலமாவது டேப் படர வேண்டும். துணியாக இருந்தால் உள்ளும் புறமும் ஒவ்வொரு துண்டு. இழுத்துப் பிடித்து ஒட்டாதீர்கள். இழுபட்ட டேப் பழைய நீளத்துக்குத் திரும்பப் பார்க்கும், அந்த முயற்சியில் தன் நுனியைத் தானே உரித்துக்கொள்ளும். கடைசியாக, கட்டைவிரலின் அடிப்பகுதியாலோ கரண்டிக் காம்பாலோ அழுத்தித் தேயுங்கள். துணியின் கட்டங்கள் மேலே தெரியும்வரை தேய்த்தால் பசை உட்கார்ந்துவிட்டது என்று பொருள்.

பிளாஸ்டிக் வாளி விரிசலில் எவ்வளவு தேய்த்தும் நிற்கவில்லையே?

நிற்காது. டேப்பின் முதுகே பாலித்தீன் என்று சொன்னேன் அல்லவா? சுருளிலிருந்து டேப் சுலபமாக உரிந்து வருவதற்கு அதுவும் ஒரு காரணம்: பாலித்தீன் எந்தப் பசையையும் ஆசையாகச் சேர்த்துக்கொள்ளாது. வாளி, மூடி, டப்பா எல்லாம் பெரும்பாலும் பாலித்தீன் அல்லது அதன் நெருங்கிய உறவான பாலிபுரொப்பிலீன். சிலிக்கானும் டெஃப்லானும் இன்னும் பிடிவாதக்காரர்கள். காய்ந்த பொருள் வைக்கும் டப்பாவானால் சுற்றி முழு வளையமாக, டேப் தன் மேலேயே ஒட்டும்படி கட்டிவிடுங்கள். தண்ணீர் வைப்பதற்கு வேறு வாளி வாங்குங்கள்.

இழுத்தால் அறுக்க முடியவில்லை, அவ்வளவு பலமாக இருக்கிறது. நாற்காலிக் காலை ஒட்டினால் என்ன?

நான் ஒட்டினேன். மரக்காலில் குறுக்கே விரிசல். எட்டுச் சுற்று சுற்றி, ஆட்டிப் பார்த்து, உட்கார்ந்தும் பார்த்தேன்; அசையவில்லை. பெருமையாக இருந்தது. இரண்டு வாரம் கழித்து என்னைவிட மெலிந்த ஒரு விருந்தினர் அதில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது கால் மெதுவாக, மிக மெதுவாக, விரிந்தது. காப்பியோடு அவரைப் பிடித்துவிட்டோம்.

டேப்பின் துணி அறுந்துவிடவில்லை. எட்டுச் சுற்றும் அப்படியே இருந்தன. தினமும் ஏறிய பாரத்தில் பசை துளித்துளியாக நகர்ந்து சுற்றுகள் தளர்ந்திருந்தன. காயாத பசையின் குணம் இது: ஒரு நிமிடச் சோதனையில் ஜெயிக்கும், ஒரு மாதப் பாரத்தில் தோற்கும்.

டேப்புக்கு வளைவைத் தாங்கும் விறைப்பும் கிடையாது. கயிற்றால் கட்டிய உடைந்த கொம்பைப் போலத்தான் டேப் சுற்றிய உடைந்த காலும். விறைப்பு வேண்டுமென்றால் எலும்பு முறிவுக்குப் பத்தை கட்டுவதுபோல் இருபுறமும் மரச்சட்டமோ இரும்புப் பட்டையோ வைத்து, அதன் மேல் சுற்ற வேண்டும். துடைப்பக் குச்சி, மண்வெட்டிப் பிடி போன்றவற்றை அப்படிக் கட்டி அன்றைய வேலையை முடிக்கலாம். ஆள் ஏறும், உட்காரும், தொங்கும் எதற்கும் வேண்டாம். ஏணி, தலைக்கவசம், ஊஞ்சல் பற்றியெல்லாம் தனித்தனியாகக் கேட்காதீர்கள். எல்லாவற்றுக்கும் ஒரே பதில்.

தண்ணீர்க் குழாய் ஒழுகுகிறது. டேப் சுற்றலாமா?

எந்தக் குழாய் என்பதைப் பொறுத்தது.

பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் செல்லும் கழிவுநீர்க் குழாயில் அழுத்தம் மிகக் குறைவு. நீரை நிறுத்தி, வெளிப்புறத்தை நன்றாகக் காயவைத்து இறுக்கமாகச் சுற்றினால் ஓரிரு நாள் தாங்கும்.

தண்ணீர் வரும் குழாய் வேறு சமாச்சாரம். அழுத்தம் 3 பார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் 3 கிலோ எடை உள்ளிருந்து டேப்பைத் தள்ளுகிறது. நேராக இழுக்கும் விசையை டக்ட் டேப் தாங்கும். பரப்பிலிருந்து கிளப்பி உரிக்கும் விசையில்தான் அது சோடை. குழாய்க்குள் இருக்கும் நீர் செய்வது அந்த உரிக்கும் வேலையைத்தான். அதோடு ஒழுகிக்கொண்டிருக்கும் குழாய் ஈரமாக இருக்கும், பசை முதலிலேயே பிடிக்காது.

செய்ய வேண்டியது இது. வால்வை மூடுங்கள். பழைய சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி ஓட்டையின் மேல் வைத்து, திருகி இறுக்கும் இரும்பு ஹோஸ் கிளிப் இரண்டைப் பூட்டுங்கள். அழுத்தத்தை ரப்பரும் இரும்பும் தாங்கும். பசை தேவையே இல்லை. கிளிப் இல்லாவிட்டால், தன்னோடு தானே ஒன்றிக்கொள்ளும் சிலிக்கான் டேப் கிடைக்கிறது. அதில் பசையே கிடையாது. நன்றாக இழுத்துச் சுற்றச் சுற்ற ஒரே ரப்பர்க் கட்டியாகிவிடும். இதை மட்டும் இழுத்துத்தான் சுற்ற வேண்டும்.

எரிவாயுக் குழாயில் எந்த டேப்பையும் சுற்றாதீர்கள். வால்வை மூடிவிட்டு, ஜன்னலைத் திறந்து, வேலை தெரிந்தவரை அழையுங்கள்.

மின்கம்பியின் உறை கிழிந்திருக்கிறது.

டக்ட் டேப் கூடாது. அது மின்காப்புக்கெனச் சோதித்து விற்கப்படும் பொருள் அல்ல, எளிதில் தீப்பிடிக்கும், கம்பி சூடானால் பசை இளகி டேப் நகர்ந்துவிடும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அதற்கென்றே இருக்கும் பிவிசி இன்சுலேஷன் டேப்பைப் பயன்படுத்துங்கள். உள்ளே செம்பு தெரிகிறது என்றால் கம்பியையே மாற்றுவது நல்லது.

கார், பைக்?

உடைந்த பக்கக் கண்ணாடி, தொங்கும் பம்பர், கிழிந்த இருக்கை உறை: பட்டறை வரை போய்ச் சேர ஒட்டலாம். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், டயர், சீட் பெல்ட், சைலன்ஸர் எதிலும் தொடாதீர்கள். ரேடியேட்டர் குழாயிலும் இதை நம்பக் கூடாது. கொதிக்கும் நீர், அதிலும் அழுத்தத்தோடு. இந்தப் பசை தாங்காத இரண்டும் அங்கே சேர்ந்தே இருக்கின்றன.

விமான இறக்கையில் டேப் ஒட்டியிருந்ததை என் கண்ணால் பார்த்தேனே!

பார்த்திருப்பீர்கள். அது வேறு டேப். விமானப் பராமரிப்பில் 'ஸ்பீட் டேப்' என்ற அலுமினிய டேப்பைச் சிறு தற்காலிக வேலைகளுக்கு விதிமுறைப்படி ஒட்டுவார்கள். நிறம் ஒன்றாக இருப்பதால் ஜன்னலோரப் பயணிகளுக்கு வயிற்றைக் கலக்குகிறது.

அப்பல்லோ 13-ஐயே இந்த டேப்தான் காப்பாற்றியதாமே?

பங்கு உண்டு. 1970 ஏப்ரலில் நிலவை நோக்கிப் போன அந்த விண்கலத்தில் ஆக்சிஜன் தொட்டி வெடித்து, அதிலிருந்த வீரர்கள் மூவரும் நிலவில் இறங்கும் சிறு கலத்தில் ஒதுங்கினார்கள். கரியமில வாயுவை உறிஞ்சும் பெட்டிகளில் தாய்க்கலத்தினுடையவை சதுரம். சிறு கலத்தின் பொருத்துமிடம் வட்டம். பிளாஸ்டிக் பை, கையேட்டு அட்டை, உடையிலிருந்து எடுத்த காற்றுக் குழாய், டேப் இவற்றைக் கொண்டு இணைத்தார்கள். டேப்புக்கு வாய்த்த சூழ்நிலையைக் கவனியுங்கள்: சுத்தமான பரப்பு, பாரமே இல்லை, காற்றின் மெல்லிய உறிஞ்சல், தேவைப்பட்டது சில நாள்கள். அந்த நிபந்தனைகள் உங்கள் வீட்டுப் பழுதிலும் அமைந்தால் தாராளமாக ஒட்டுங்கள்.

ஒட்டியது எத்தனை நாள் தாங்கும்?

வீட்டுக்குள், வெயில் படாத இடத்தில், பாரம் இல்லாவிட்டால் ஆண்டுக்கணக்கில்கூட இருக்கும். வெயிலில் அப்படியில்லை. புற ஊதாக் கதிர் பாலித்தீனை நொறுங்கச் செய்யும், ரப்பர் பசையைக் காய்ந்த பொடியாக்கும். மேல்படலம் செதில் செதிலாக உதிர்ந்து, கீழே வலைத்துணி மட்டும் எலும்புக்கூடுபோல் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பழைய கூரைகளில் பார்த்திருப்பீர்கள்.

நான் ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். எதை ஒட்டினாலும் டேப்பின் மேலேயே மார்க்கர் பேனாவால் தேதியை எழுதிவிடுவேன். டேப் தருவது தவணைதான். தவணை தொடங்கிய நாள் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் சரியான பழுது பார்க்கும் எண்ணம் கொஞ்சம் சீக்கிரம் வரும். குளியலறைக் கதவில் ஒரு தேதி என்னை நாலு ஆண்டுகளாக முறைத்துக்கொண்டிருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

காலில் கொப்புளம், கையில் மரு: இதற்கெல்லாம் ஒட்டலாமா?

நடைப்பயணத்தில் செருப்பு, ஷூ உரசும் இடத்தில், கொப்புளம் வருவதற்கு முன் ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், உரசல் குறையும். திறந்த காயத்தில் நேரடியாக ஒட்டக் கூடாது. உரிக்கும்போது தோலும் வரும். மருவைப் பொறுத்தவரை, 2002-இல் வந்த ஓர் ஆய்வு டேப் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னது. 2006, 2007-இல் ஒப்பீட்டுக் குழுவோடு நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் தெரியவில்லை. மருத்துவரைப் பாருங்கள்.

வேறு எந்த டேப்களை வைத்துக்கொள்ளலாம்?

மேலே வந்தவை போக இரண்டு. திருகு மரைகளில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப். அதில் பசை இல்லை, மரையில் மட்டும்தான் பயன். மேடைக்காரர்களும் படப்பிடிப்புக்காரர்களும் வைத்திருக்கும் காஃபர் டேப். பார்க்க டக்ட் டேப் போலிருந்தாலும் பளபளப்பில்லாத துணி, உரித்தால் பிசுபிசுப்பு விடாது. தரையில் கேபிளை ஒருநாள் ஒட்டிவைக்க அதுதான் சரி.

உரித்த பிறகு பிசின் போகவே மாட்டேன் என்கிறது. என்ன செய்வது?

பழைய டேப்பை வெடுக்கென்று இழுக்காதீர்கள். ஹேர் டிரையரால் ஒரு நிமிடம் சூடுகாட்டி, டேப்பைத் தன் மேலேயே மடக்கியபடி, பரப்போடு ஒட்டினாற்போல் மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். பசையின் பெரும்பகுதி டேப்போடு வந்துவிடும். மிச்சமிருக்கும் இடத்தில் ஒரு புதுத் துண்டை அழுத்தி அழுத்தி எடுங்கள். பசையைப் பசையே இழுக்கும்.

அதற்கும் மிஞ்சியதில் சமையல் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டு, பழைய பிளாஸ்டிக் அட்டையால் சுரண்டி, சோப்பால் கழுவுங்கள். கண்ணாடி, உலோகம் என்றால் ஆல்கஹாலோ மினரல் டர்பன்டைனோ விரைவாகக் கரைக்கும். பெயின்ட், வார்னிஷ், பிளாஸ்டிக் பரப்புகளில் முதலில் கண்ணுக்குத் தெரியாத மூலையில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். நெயில் பாலிஷ் நீக்கும் அசிட்டோனைப் பல வகைப் பிளாஸ்டிக்கில் வைத்தால் பிசினோடு பொருளும் கரைந்துபோகும். என் ரேடியோவின் மூடி அப்படித்தான் போனது. அதன் மேல் இப்போது டேப் ஒட்டியிருக்கிறேன்.